அன்னா கேட்ட கடவுச்சொல்

அந்தப் பெட்டி முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு. ஆகஸ்ட் விடுமுறை. பஸீஹா தன் வகுப்புப் பிள்ளைகளின் இரண்டாம் தவணைப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடம் முடிந்து சமயப் பாடத்துக்கு வந்த இடத்தில், திரையின் நட்டநடுவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று குதித்தது. உச்சியில் ஏதோ ஓர் எண். கீழே இரண்டு கோடுகள். ஒன்று பெயருக்கு, மற்றது கடவுச்சொல்லுக்கு. பெயருக்கான கோட்டில் யாரோ முன்கூட்டியே நான்கு ஆங்கில எழுத்துகளை இட்டிருந்தார்கள்: ஏ, என், என், ஏ.

"இங்க பாருங்க," என்றாள் பஸீஹா. "ஆரு இந்த அன்னா?"

குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கணவர் தாஹிர் கோப்பையோடு வந்தார். "எந்த அன்னா?"

"எனக்கிட்டயா கேக்குறீங்க? ஒங்கட கொம்பியூட்டர்லதானே பொம்புளப் பேர் வருது."

தாஹிர் பெட்டியை மூடினார். அது மறுபேச்சில்லாமல் போனது. பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தது. மறுநாள் அவசரத்தில் இருந்த பஸீஹா, பள்ளிக்கூடத் தளம்தான் மறுபடி கேட்கிறது என்று நினைத்து, அன்னாவை அழித்துவிட்டுத் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துக் கொடுத்தாள். பெட்டி பிழை என்று சொல்லி, திரும்பவும் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தாறு பிள்ளைகளின் புள்ளிகள் இருக்கும் கதவின் சாவியை யாரென்று தெரியாத ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டோமோ?

புத்தளம் நகரத்தில் கணினி திருத்தும் நஜாத்துக்குத் தாஹிர் போன் எடுத்தார். நஜாத் பாதிக் கதையிலேயே முடிவுக்கு வந்துவிட்டான்.

"தாஹிர் நானா, இது பாஸ்வேர்ட் களவெடுக்கிற சாமான். பஸீஹா மச்சிட பாஸ்வேர்ட இப்பவே போன்ல இரிந்து மாத்தச் சொல்லுங்க. வாற கிழம எனக்கு மூச்சு உட நேரமில்ல. அதுக்கடுத்த திங்கள் கொம்பியூட்டரக் கொண்டு வாங்க. முழுக்கத் துடைச்சுப் புதுசாப் போட்டுத் தாறன்."

"அதுக்குள்ள படங்கள் இரிக்கே?"

"படத்தோட ஒட்டிக்கிட்டு அதுவும் வரும், நானா. ஒண்டையும் எடுக்காம உடுறதுதான் நல்லம்."

பஸீஹா அன்றே கடவுச்சொல்லை மாற்றினாள். அதோடு, துடைக்கும் வரை அந்தக் கணினியைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது. நஜாத் சொன்ன திங்கட்கிழமை கொண்டுபோகத் தாஹிர் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கணினிக்குள் பதினோராயிரம் முகங்கள் இருந்தன.

நுரைச்சோலைச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகும் வீதியில், அவருக்கும் நண்பன் றொபிக்கும் முன்பு ஒரு கொமினிகேஷன் இருந்தது. போட்டோ பிரதி, ஃபக்ஸ், வெளிநாட்டு அழைப்பு எல்லாம் அங்கே. கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று குவைத்துக்குக் கதைப்பவர்களின் சத்தம் எதிர்ப்பக்கச் சலூன்வரை கேட்கும். மனைவி பிள்ளை பெற்ற செய்தியும் மாமா மௌத்தான செய்தியும் முதலில் சலூன்காரனுக்குத்தான் தெரியவரும். இவை எல்லாவற்றையும்விட அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அடையாள அட்டைப் படம். கடலிலிருந்து நேரே வருகிற ஆட்களிடம் கொலர் வைத்த சட்டை இருக்காது என்பதால், றொபி ஓர் ஆணியில் நீலச் சட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். மெலிந்தவனுக்குப் பின்னால் கிளிப் போட்டு இறுக்குவார்கள். பருத்தவனுக்குப் பொத்தான் பூட்டாமல் கழுத்தை மட்டும் மூடுவார்கள். பத்து வருடமாக இந்தக் கரையின் ஆண்களில் பாதிப்பேர் அரசாங்கத்துக்கு முகம் காட்டியது அந்த ஒரே சட்டையில்தான்.

எல்லோர் கையிலும் கமரா போன் வந்ததும் கடை மெலிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கடையை மூடிவிட்டு றொபி இத்தாலிக்குப் போனான். கடையில் இரண்டு கணினிகள் இருந்தன. றொபியுடையது உப்புக் காற்றில் துருவேறிச் செத்தது. மற்றது தாஹிரின் வீட்டுக்கு வந்தது. முதலில் கிழமைக்கு ஒருமுறை கதைத்த நண்பர்கள், பிறகு பெருநாளுக்கும் நத்தார் பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்புகிறவர்கள் ஆனார்கள். ஒரு சண்டையும் இல்லை. அவரவர் வேலை.

இப்போதும் யாராவது மௌத்தானால், யாராவது கடலில் காணாமல் போனால், வீட்டார் தாஹிரைத் தேடி வருவார்கள். வேறெங்கும் இல்லாத ஒரு முகம் அவரிடம் இருக்கும். அந்த முகங்களைத்தான் திங்கட்கிழமை துடைக்கப்போகிறார்கள்.

கணினியை மூடி வைக்கும்படி நஜாத் சொல்லியிருந்தான். தாஹிர் மூடவில்லை. காய்ச்சல் எந்த நேரத்தில் ஏறி எந்த நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்காமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். கொப்பி ஒன்றை எடுத்துத் திரைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். பெட்டி வருகிற ஒவ்வொரு முறையும் கிழமையையும் நேரத்தையும் குறித்தார். பத்தேகால், பன்னிரண்டே முக்கால். பத்தேகால், பன்னிரண்டே முக்கால். ஒரு நிமிடம் முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை.

"களவெடுக்க வாறவள் இப்பிடி நேரத்துக்கு வருவாளா?" என்றார் ஒருநாள்.

"ஒங்களைப் பாக்க வாறவள் நேரத்துக்குத்தான் வருவாள்," என்றாள் பஸீஹா, துணி மடித்தபடி.

இரண்டாம் வாரச் சனிக்கிழமை காலை யூஜீனியா வந்தாள். அவளுடைய கணவர் பஸ்தியான் இறந்து ஒரு வருடம் முடிகிறது. நினைவுப் பூசைக்குப் பெரிதாக ஒரு படம் போட வேண்டும்.

"போன்ல உள்ளதெல்லாம் வருத்தத்தில இருக்கேக்குள்ள எடுத்தது, தாஹிர் நானா. அதைப் பாத்தா சனம் அவரை நினைக்காது, ஆஸ்பத்திரியைத்தான் நினைக்கும். உங்கட கடையில எடுத்த ஒண்டு இருந்தது. தலவில கோயில் திருநாளுக்கு முதல் நாள்."

தாஹிர் தேடினார். கிடைத்தது. முப்பது வயதுப் பஸ்தியான் தலை வாரி, நாடி தூக்கி, நீலச் சட்டையில் இருந்தார்.

யூஜீனியா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். பிறகு, "இந்தச் சேட்டு இவர்ட இல்லையே," என்றாள்.

"அது கடைச் சேட்டு, பிள்ளை. ஒங்கட தம்பிட படத்திலயும் அதுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஓம், இப்ப ஞாபகம் வருது. கிளிப் முதுகில குத்துது எண்டு இவர் சத்தம் போட்டவர். றொபி அண்ணாதான் எடுத்தவர். அண்ணா 'மூச்சைப் பிடி, மூச்சைப் பிடி' எண்டு..."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பத்தேகால் ஆனது. பஸ்தியானின் முகத்தின் மேல் பெட்டி வந்து விழுந்தது. ஏ, என், என், ஏ.

"ஆரு இப்ப சொன்ன?" என்றார் தாஹிர்.

"றொபி அண்ணா."

தாஹிர் திரையைப் பார்த்தார். அவர் வீட்டில் மூத்த சகோதரன் நானா. வாப்பாவின் வீட்டிலும் நானா, தெருவிலும் நானா, நஜாத்துக்கும் அவர் நானாதான். அந்த நான்கு எழுத்தை அண்ணா என்று வாசிக்க இந்த வீட்டில் ஒரு நாக்கும் பழகியிருக்கவில்லை. பழகியிருந்தவர் ஒரு காலத்தில் அவர் மட்டும்தான்.

அவரும் றொபியும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். கடையில் மூத்தவன்தான் காலையில் ஷட்டர் தூக்கவேண்டும் என்று பேச்சு வந்ததால் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கப் பார்த்தார்கள். தாஹிர் அவனை "அண்ணா" என்பார். அவன் இவரை "நானா" என்பான். வந்த சனங்களுக்கு யார் மூத்தவர் என்று கடைசிவரை விளங்கவில்லை. றொபியின் மேசையில் இருந்த கணினிக்கு அண்ணா என்றும், தாஹிருடையதற்கு நானா என்றும் பேர்.

அவர் கொப்பியை எடுத்தார். பன்னிரண்டு நாள். இதுவரை அவர் பெட்டி வந்த நேரங்களை மட்டுமே பார்த்திருந்தார். இப்போது வராத நேரங்களைத் தேடினார். வெள்ளி பன்னிரண்டே முக்காலுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. ஞாயிறு பத்தேகாலுக்கு இல்லை. அந்த நேரம் மின்சாரம் போயிருக்கும், அல்லது தான் கவனித்திருக்கமாட்டோம் என்று நினைத்து அந்த இடங்களைச் சும்மா விட்டிருந்தார்.

"பஸீஹா! இங்க வா! இந்த வைரஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுது!"

"என்ன?"

"ஞாயித்துக்கிழம காலையில பூசைக்கும் போகுது!"

யூஜீனியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

இந்த உலகத்தில் வெள்ளி நண்பகலும் ஞாயிறு காலையும் ஓய்வெடுத்த ஒரே ஒரு இடத்தைத்தான் தாஹிருக்குத் தெரியும்: அவர்களுடைய பழைய கடை. அவர் றொபிக்கு அழைப்பு எடுத்தார். அங்கே காலை ஏழு மணி தாண்டியிருந்தது.

"டேய் நானா!" நித்திரைக் குரல், ஆனால் அதே குரல். "ஆராவது செத்துப் போச்சா?"

"ஒருத்தரும் இல்ல. அண்ணா, ஒன்ட கொம்பியூட்டர் எனக்கிட்ட பாஸ்வேர்ட் கேக்குது."

றொபி முதலில் சிரித்தான். பிறகு எண்ணைக் கேட்டான். பெட்டியின் உச்சியில் இருந்த எண்ணைத் தாஹிர் வாசித்தார். கடைசியில் ஒன்று.

"ஒண்டு நான்தான்டா. மறந்திட்டியா? ரெண்டு கொம்பியூட்டரையும் ஒரு வயரால இணைச்ச அண்டைக்கு, 'மூத்தவன் நீதானே, ஒண்டாம் இலக்கம் ஒனக்கு' எண்டு சொன்னது நீ. ஒருக்கா உப்புக் காத்தில ரெண்டு மாசப் படம் போய், நீ சோறு தின்னாம இருந்தியே? அதுக்குப் பிறகுதான் நான் அதைச் செய்து வச்சன். ஒன்ட படமெல்லாம் நாளுக்கு ரெண்டு தரம் என்ட மெசினுக்குப் பிரதி வரும். வெள்ளி மத்தியானம் கடை பூட்டு. ஞாயிறு காலமை என்ட மெசின் ஓஃப். அந்த ரெண்டையும் விட்டன்."

"பன்ரெண்டு வருசமா அது வரல்லையே, அண்ணா. இப்ப என்னத்துக்கு வருது?"

"பன்ரெண்டு வருசத்தில வீட்டுக்குப் புதுசா என்ன வந்தது?"

தாஹிர் சுவரைப் பார்த்தார். பெட்டி முதலில் வருவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை பின்னேரம், ஃபைபர் இணைப்புக்காரர்கள் வந்து பூட்டிவிட்டுப்போன வெள்ளை ரவுட்டர் அங்கே பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளைச் சாய்ந்து வாசித்தார். அதன் எண்ணும் அதேதான். கடைசியில் ஒன்று.

பஸீஹாவுக்கு அவர் இதை விளக்கிய விதம் அவருக்கே பிடித்திருந்தது. வலையமைப்பு என்பது ஓர் ஒழுங்கை, சின்னத் தெரு மாதிரி. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதில் ஒரு வீட்டு இலக்கம். நம்முடைய கணினி தினமும் இரண்டு தரம் படங்களைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் இலக்க வீட்டுக்குப் போய்த் தட்டியது. வீட்டில் ஆளில்லை. சத்தமில்லாமல் திரும்பி வந்தது. அதனால் இத்தனை வருடமும் நமக்குத் தெரியவில்லை. இப்போது அந்த வீட்டுக்குப் புதிய ஆள் குடிவந்திருக்கிறார். அவரிடமும் கோப்பு வைக்கிற ஓர் அறை இருக்கிறது. தட்டினால் கதவைத் திறந்து, "ஆரு? பேரென்ன? கடவுச்சொல் என்ன?" என்கிறார். கணினி பழைய பேரைச் சொல்கிறது. அவருக்கு அந்தப் பேரைத் தெரியாது. அதனால்தான் கணினி நம் பக்கம் திரும்பி நம்மைக் கேட்கிறது.

"அப்ப நான் அடிச்ச பாஸ்வேர்ட்?"

"அந்தச் சுவருக்குப் போய், பிழையெண்டு திரும்பி வந்தது. வீட்ட உட்டு வெளியே போகல்ல."

"நீங்க சொல்றீங்க. காட்டுங்க பாப்பம்."

அது சரியான கேள்வி. பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தாஹிர் ரவுட்டரின் வயரைக் கழற்றினார். யூஜீனியாவும் போகாமல் நின்றாள். மூன்று பேரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். முக்கால் ஆனது. ஐம்பது ஆனது. திரையில் பஸ்தியான் மட்டும் நாடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

பஸீஹா தாஹிரைப் பார்த்துத் தலையாட்டினாள். "எண்டாலும் வைரஸ் பாக்கிறதை ஒருக்கா ஓட விடுங்க," என்றாள். அவர் ஓடவிட்டார். பின்னேரம் அது முடிந்தது. ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை தாஹிர் சொன்னபடியே புத்தளத்துக்குப் பஸ் ஏறினார், கணினி இல்லாமல். நஜாத்திடம் ஒரு வெளி டிஸ்க் மட்டும் வாங்கினார். ஜும்ஆவுக்குப் போகிற வைரஸின் கதையைக் கேட்டு நஜாத், "அப்பிடியொண்டு எனக்கும் வேணும், நானா. கடைப் பொடியன்கள் போறதே இல்ல," என்றான்.

செவ்வாய் காலை, கைபேசியில் றொபி வழி சொல்லச் சொல்ல, தாஹிர் வேலையை முடித்தார். நேர அட்டவணையில் படங்கள் போய்ச்சேரும் இடமாக இருந்த ஒன்றாம் இலக்கத்தை அழித்து, புதிய டிஸ்க்கின் பெயரை எழுதினார். கணினி சேமித்து வைத்திருந்த அண்ணாவின் பெயரையும் கடவுச்சொல்லையும் நீக்கினார். ரவுட்டரில் கோப்பு வைக்கிற அறையைப் பூட்டினார். வெள்ளி நண்பகல், ஞாயிறு காலை விடுமுறைகளை மட்டும் இருந்தபடியே விட்டார்.

பத்தேகால் ஆனது. பெட்டி வரவில்லை. டிஸ்க்கின் சிறு விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஒரு மணி கழிந்து அது நின்றபோது, பதினோராயிரம் படங்களும் இரண்டு இடத்தில் இருந்தன.