டிரெசர் சொன்ன வருசங்கள்

ரப்பர்த் தோட்டம் வெள்ளைக்காரன் கையில் இருந்தபோதே வீரமுத்துவின் பெண்டாட்டி பஞ்சாலைக்கு முகமும் காலும் வீங்கத் தொடங்கிவிட்டன. சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனிச் சரியாகாது என்று கைவிரித்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், "உப்பத் தொடாம இருந்தா இன்னும் சில வருசம் ஓட்டலாம்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் தனிச்சட்டி. லயத்து வீடுகளிலெல்லாம் கருவாட்டுக் குழம்பு மணக்கும்போது அவள் சப்பென்று விழுங்கிவைப்பாள்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போனது, உப்பும் போனது. ஊரே வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றதில் அவளுடைய தனிச்சட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒரே மகன் அர்ச்சுனனைச் சயாமுக்கு ரயில்பாதை போட லோரியில் ஏற்றிப்போனார்கள். அப்புறம் தகவலே இல்லை.

ஒருநாள் வீரமுத்து சி ரூசா கடற்கரைவரை நடந்துபோய், கடல்தண்ணீரைக் காய்ச்சி ஒரு டப்பா உப்போடு வந்தான். தன் கிழங்கில் மட்டும் தூவிக்கொண்டு டப்பாவை மூடினான்.

"நீ தொட்டுடாத புள்ள. டிரெசர் சொன்னது ஞாபகமிருக்குல்ல? உனக்கு இன்னும் வருசம் கெடக்கு."

பஞ்சாலை கொடியில் தொங்கிய மகனின் கைலியைப் பார்த்தாள்.

"அவரு சொன்ன வருசம் இதுதானாங்க?"

 வீரமுத்து டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.