விரித்து வைத்த சீட்டு

தேயிலைத் தோட்டத்துக் கிளப் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிடச் சொல்லிக் கேட்டு சுகிர்தம் நடையாய் நடந்துவிட்டாள். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஓர் இடம் வேண்டும். லயத்து வீட்டின் ஒற்றைக் காம்பராவில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவள் அடுப்பில்தான் உட்கார வேண்டும். உத்தியோகத்தர் கிளப்போ வாரம் முழுக்கச் சும்மா கிடந்தது. சாவி பெரிய கிளாக்கர் லியனார்டிடம்.

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. சிரித்தார். கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் சீட்டில் இருபத்தொன்று ஆடுவார்கள். சீட்டுப் போடுகிற பேங்கு எப்போதும் அவர்தான். காசு கிடையாது, ஆளுக்கு ஒரு கை தேயிலைக் கொட்டை. ஆட்டத்துக்கு ஒன்றாவது பந்தயம் வைக்க வேண்டும். தேயிலை அரைக்கிற ஸ்டோரின் சங்கு ஊதும்போது எவர் கையில் கொட்டை மிஞ்சுகிறதோ அவர் கேட்டதைப் பேங்கு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். லியனார்டுக்குக் கொடுக்க நேர்ந்ததே இல்லை.

"நீங்களும் இப்ப ஸ்டாஃப்தானே டீச்சர்? வந்து உக்காருங்க," என்றார்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற அமிர்தநாதனின் மகள் சுகிர்தம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வந்ததை அவர் இன்னும் ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தார். அவள் வருகிறேன் என்றாள்.

சீட்டை அதுவரை தொட்டதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த சிசிலி அவளோடு படித்தவள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் தொட்டில்களுக்கு நடுவில் பாய் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஆட்டம் லேசானது. ராசா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. இருபத்தொன்றைத் தாண்டினால் அந்த இடத்திலேயே தோல்வி; தாண்டாமல் பேங்கைவிட மேலே நின்றால் ஜெயம். பேங்கு தன் இரண்டு சீட்டில் ஒன்றை விரித்து வைக்கும். பதினேழு வரும்வரை அது எடுத்தே ஆக வேண்டும்; எடுத்து இருபத்தொன்றைத் தாண்டினால் அதற்கும் தோல்விதான்.

லேசான ஆட்டத்தில் ஏன் எல்லோரும் தோற்கிறார்கள் என்பதுதான் சுகிர்தத்துக்கு வேண்டியிருந்தது. தன் கையில் பதினாறு, சிசிலிக்கு ராசா என்று வைத்துக்கொண்டு மீதிச் சீட்டைக் குலுக்கிக் குலுக்கிப் போடச் சொன்னாள். எடுத்துப் பார்த்தாள், எடுக்காமல் பார்த்தாள். பிறகு சிசிலியின் ராசாவை மாற்றி ஐந்தை வைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து.

சிசிலிக்குக் கை வலித்தது. "எடுத்தாலும் தோக்குற, எடுக்காட்டியும் தோக்குற. என்னத்தடி பாக்குற?"

"எதுல கொஞ்சமாத் தோக்குறேன்னு பாக்குறேன்."

மெல்லப் பிடிபட்டது. பேங்கு பெரிய சீட்டைக் காட்டினால் பதினாறோடு சும்மா இருப்பது சாவு. பயந்தாலும் எடுக்க வேண்டும். நாலு, ஐந்து, ஆறு என்று காட்டினால் தடுமாறப் போவது பேங்கு. கையில் பன்னிரண்டே இருந்தாலும் அசையக் கூடாது. தன் சீட்டு பாதிதான் சொல்லும். மீதியை எதிரில் இருக்கிற சீட்டு சொல்லும். இப்படி ஆடினாலும் பேங்கை ஜெயிக்க முடியாது. ஆனால் சீக்கிரம் அழியவும் மாட்டோம். அவளுக்கு வேண்டியது அதுதான்.

சனிக்கிழமை கிளப்பில் உட்கார்ந்தவுடன் கற்றதெல்லாம் எங்கோ போயிற்று. கொட்டைகள் மளமளவென்று லியனார்டின் பக்கம் போயின. தப்பு எங்கே என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டோர் கிளாக்கர் முத்துலிங்கத்தைப் பார்த்தாள். குனிந்த தலை நிமிராமல் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவரும் அப்படியே. பெரிய கிளாக்கர் முன்னால் நிமிர்ந்து பார்த்து யாருக்குப் பழக்கம்? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் தரையைப் பார்த்து நின்ற கழுத்து மேசையிலும் அப்படியேதான் இருந்தது. அவள் கழுத்தும்தான். பட்டம் வாங்கியும் குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள்! அவளுக்கு வந்த கோபத்தில் காது சுட்டது.

நிமிர்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், அவர் விரல்களுக்குக் கீழே கிடந்த சீட்டை நேராகப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், என் சீட்டையே பாக்குறீங்க?"

"விரிச்சுத்தானே வச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு அவள் கண் அங்கேயே இருந்தது. அவர் பத்தைக் காட்டினார். அவள் பதினாறில் எடுத்தாள். ஒரு ராணி வந்தது, தோற்றாள். மேசை சிரித்தது. அடுத்த முறையும் பத்து, அடுத்த முறையும் பதினாறு. மறுபடி எடுத்தாள், நாலு வந்தது, வென்றாள். தோற்றபோது முறையை மாற்றவில்லை, வென்றபோதும் மாற்றவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டை தீர்ந்து எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார்கள்.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை வைத்தாள். ஒரு ராணி, ஓர் இரண்டு. பன்னிரண்டு. அவர் காட்டியது ஆறு.

"பன்னண்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க, எடுங்க," என்றார் முத்துலிங்கம். அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது.

"வேணாம்."

லியனார்ட் மற்றதைத் திருப்பினார். ராசா. பதினாறு. அவர் கை சீட்டுக்கட்டுக்குப் போகாமல் அவளுடைய கொட்டையை நோக்கி நகர்ந்தது.

"பதினேழு வரைக்கும் எடுக்கணுங்க. நீங்க வச்ச சட்டம்."

எடுத்தார். எட்டு. இருபத்துநாலு, பேங்கு தாண்டிவிட்டது. அவர் தந்த கொட்டையோடு அவளிடம் இரண்டாயிற்று. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

அதிர்ஷ்டக்காரி என்றார் லியனார்ட். அவள் கேட்ட சாவியைக் கிறிஸ்மஸ் கழியட்டும், தருகிறேன் என்றார். கொழுந்துக்காரப் பெண்கள் சேற்றுக் காலோடு வருவார்கள், தரை என்னாவது என்றும் கேட்டார்.

"கழுவிக்கிறோம். இப்ப குடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

நின்றவர்கள் யாரும் நகரவில்லை. முத்துலிங்கம் நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லியனார்ட் சாவியை எடுத்துத் தன் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார், அவள் பக்கம் தள்ளவில்லை.

சுகிர்தம் எழுந்து, மேசைக்கு மேலே கையை நீட்டி, அதை எடுத்துக்கொண்டாள்.