திரும்பிப் பார்த்து வாசிக்கிறவள்

விமர்சனம் வெளிவந்த காலையில் அதை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவர், புதிதாக முழங்கால் மாற்றிக்கொண்ட ஒரு கப்பல் எஞ்சினியர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். பிசியோதெரபி அறையில் நீளக் கட்டிலில் படுத்து, குதிகாலை மெல்ல இழுத்து முழங்காலை மடக்குவார். வலி தெரியாமலிருக்க நெஞ்சின்மேல் செய்தித்தாளை விரித்துச் சத்தமாகப் படிப்பார். அன்று தலைப்புச் செய்தி சலித்துப்போய் கலைப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"'நான்காம் மாடி'னு ஒரு ராக் குழு டாக்டர். நம்ம காலத்துல பெரிய சத்தம் போட்டவங்க. திரும்ப வந்திருக்காங்களாம்" என்றார்.

அவள் கணுக்காலில் கை வைத்தபடி, இன்னும் கொஞ்சம் மடக்கச் சொன்னாள்.

விமர்சனம் எழுதியவர் சாமானியப்பட்டவர் அல்ல. இசைக்காரர்களுக்குள் அந்த அம்மாளுக்குப் பேனாக்கத்தி என்று பெயர். அப்படிப்பட்டவர் 'படியேற்றம்' என்ற இந்த ஆல்பத்தைப் புகழ்ந்திருந்தார். கிடாரில் அவசரம் போய் நிதானம் வந்திருக்கிறதாம். பாடகரின் குரல் பழுத்திருக்கிறதாம். உச்சத்தைத் தொடும்போது மட்டும் சட்டென்று இளமையாகிவிடுகிறதாம். எஞ்சினியர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கடைசிப் பத்தியில் குரலைத் தாழ்த்தினார்.

"குறை டிரம்ஸில்தான். ஒரு காலத்தில் இந்தக் குழுவை இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர். இப்போது, பின்னால் வரும் யாரோ ஒருவருக்காக அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பவரைப் போல வாசிக்கிறார். அவர் நின்று நிதானிக்கும் இடங்களிலெல்லாம் பாட்டும் நின்றுவிடுகிறது."

செய்தித்தாளை மடித்து, "பாவம், எல்லாருக்கும் மாலை, அந்தம்மாவுக்கு மட்டும் பூசை" என்றார்.

"மறு கால் சார்" என்றாள் அவள்.

குழுவில் அவளுக்கு இடி என்று பெயர். மருத்துவமனையில் அது யாருக்கும் தெரியாது.

நான்கு பேரும் இளவட்டமாக இருந்தபோது ஒரு கட்டிடத்தின் நான்காம் மாடியில் வாடகை அறை பிடித்து வாசித்தார்கள். லிஃப்ட் கிடையாது. டிரம்ஸைத் தோளில் சுமந்து ஏற்றியதில் வந்த பெயர்தான் குழுவுக்கு நிலைத்தது. கிடார் அவளுடைய அண்ணன். பாடியவன் அத்தை மகன்; ஓயாமல் பேசுவான் என்பதால் மைனா. பேஸ் கிடார் வாசித்தவன் அண்ணனின் கல்லூரித் தோழன். கேட்டால்தான் வாயைத் திறப்பான், அதுவும் சந்தேகம், அவனுக்குக் கோட்டான் என்று பெயர். இரண்டு ஆல்பம் நன்றாகப் போனது. மூன்றாவதுக்கு முன் மைனா தனியாகப் பாடப் போகிறேன் என்று கிளம்பினான், போன இடத்தில் எடுபடவில்லை, வீடு விற்கும் முகவரானான். அண்ணன் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் சொல்லிக்கொடுக்கப் போனார். கோட்டான் ரயில் சிக்னல் அலுவலகத்தில் சேர்ந்தான். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அவரவர் வேலை அவரவரை விழுங்கிவிட்டது.

பிறகு, ஒரு சினிமாவில் அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகளெல்லாம் அதை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பாட்டு வெளியிடும் கம்பெனி தேடி வந்தது. நால்வரும் மறுபடி ஒரு அறையில் நின்றார்கள்.

அந்த முதல் நாளிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் அண்ணன் திரும்பவில்லை. அவள் பெரிய சிம்பல் தட்டை ஓங்கி அடித்தபோதெல்லாம் அவருடைய கண் சட்டென்று அவள் கைக்குத் தாவியது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனவர்களின் பார்வை அது. அறுவைக்குப் பிறகு முதல் படியில் கால் வைக்கிறவர்களிடம் அவள் தினமும் பார்ப்பதுதான். வலக்காது போயிருக்கிறது. முழுக்கப் போயிருக்கிறது. சத்தம் கூடக் கூட, எஞ்சிய காதுக்கும் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடுகிறது.

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைக் கேட்டால் அவர் முகம் எப்படிச் சுண்டிப்போகும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவள், அதனால் கேட்கவில்லை. சிம்பலை அடக்கினாள். அண்ணன் நுழைய வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நின்று வழி விட்டாள். ஓட வேண்டிய இடத்தில் நடந்தாள். அவர் கண் அவள் கையை விட்டு நகர்ந்தது, தோள் தளர்ந்தது, அழகாக வாசித்தார். காதும் காதும் வைத்த மாதிரி ஆல்பம் முடிந்தது.

விமர்சனம் வந்த அன்றே மைனாவின் போன் வந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தான். 'பழுத்த குரல்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். அடுத்த மாதக் கச்சேரிக்கு டிரம்ஸுக்கு உதவியாக இன்னொரு ஆளையும் மேடையில் வைத்துக்கொள்ளலாமா என்று கம்பெனி கேட்கிறதாம். தனக்கு அதில் இஷ்டமில்லையாம், கேட்டதைச் சொல்கிறானாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்கூடப் பெரிதாக இல்லை. அந்த அம்மாள் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்பதுதான் உறுத்தியது. வெறும் ஆல்பத்தைக் கேட்டே ஒருவர் இவ்வளவு பார்த்துவிட்டார். அண்ணனும் இதைப் படித்திருப்பார்.

படித்திருந்தார். இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் மருத்துவமனைக்கே வந்துவிட்டார். அவள் உடற்பயிற்சி ரப்பர் பட்டைகளைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் நோயாளிகள் பிடித்து நடக்கும் இரட்டைக் கம்பியில் சாய்ந்துகொண்டார்.

"யாருக்காகத் திரும்பிப் பாத்தே?" என்றார்.

அவள் பட்டையை மாட்டினாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"முதல் நாளே தெரியும்ணா."

"ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

போன வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலப்பக்கம் உலகமே அணைந்திருந்தது என்று சொன்னார். மருந்து, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. அண்ணிக்கு மட்டும் தெரியும். கம்பெனி வந்து கேட்டபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சமாளித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இவ்வளவு நிதானம் தனக்கு வந்துவிட்டதே என்று உள்ளூரப் பெருமைகூட. அந்த நிதானமும் தங்கை போட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

"உனக்கு உதவியா இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

"நான் தப்பா வாசிச்சா முகத்துக்கு நேரா சொல்ற ஒரே ஆள் நீதான். மத்தவன் எவனும் சொல்ல மாட்டான். நீயும் சொல்லாம விட்டா, நான் எங்க நிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் குரல் உயரவேயில்லை. "எனக்குக் காதுதான் போச்சு. என்னைக் குழந்தையாக்கிட்டியே."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாமென்று போய்விட்டார்.

மாலையில் ஒரு பெரியவரை அவருடைய மகள் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவர் தடுமாறும் முன்பே முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். வழக்கம்போல் கையை எடுக்கச் சொல்ல வாயெடுத்த இடி, அப்படியே நின்றுவிட்டாள். நீங்கள் பிடித்தால் அவருக்கு நடை எப்போதும் வராது என்று வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் அதட்டுகிறவள் அவள்தான். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அதுவே மனதில் ஓடியது.

அடுத்த ஒத்திகைக்கு அண்ணன் வருவாரா என்று தெரியாமல்தான் போனாள். எல்லோருக்கும் முன்னதாக வந்து உட்கார்ந்திருந்தார். கிடாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. மைனா வந்து, கோட்டான் வந்து, கதவு சாத்தியதும் தன் வலக்காதைத் தொட்டுக் காட்டினார்.

"இது வேலை செய்யாது. சுத்தமா. டிரம்ஸ் அடங்கிப் போனது எனக்காகத்தான். இடி மேல எந்தத் தப்பும் இல்ல. ஆள் மாத்தணும்னா என்னை மாத்துங்க." பிறகு சொன்னார்: "ஒரு வசதி இருக்கு. இனிமே யார் என்ன சொன்னாலும் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட முடியாது. வாங்கினது உள்ளயேதான் கிடக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. மைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படியானால் தானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றான். ஆல்பத்தில் உச்சத்தில் பாடியதெல்லாம் அவனில்லை. அங்கே அவன் குரல் கிழிந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டானை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்து, தன் குரலோடு ஒட்டிவிட்டான்.

மூன்று பேரும் கோட்டானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டான், பாடினேன்" என்றான் கோட்டான்.

அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு அடக்க முடியாமல் நாலு பேரும் சிரித்தார்கள். பேனாக்கத்தியையே ஏமாற்றிய குரல் என்று மைனா கோட்டானின் முதுகில் தட்டினான். அன்றைக்கு ஒரு பாட்டும் வாசிக்கவில்லை. தேநீர் வரவழைத்துக் குடித்துவிட்டு, யார் எங்கே நிற்பது என்று பேசினார்கள்.

பேசியது சுலபம், செய்வது சுலபமாயில்லை. அண்ணனை டிரம்ஸின் மறுபக்கம் நிறுத்தி, நல்ல காது அவள் பக்கம் வரும்படி செய்தார்கள். மைனாவின் குரல் அவருக்குக் கேட்காமல் போனது. ஒலிபெருக்கியை இடம் மாற்றினார்கள். டிரம்ஸ் வைத்த மரப்பலகையை நீட்டி, அதன் மேல் அவரைச் செருப்பில்லாமல் நிற்க வைத்தார்கள். பெரிய முரசின் அடி பாதத்தில் தெரிகிறது என்றார். அவள் முதல்முறையாக முழு வேகத்தில் வாசித்தபோது அவர் வழி தவறி, கிடார் எங்கோ போய் முட்டியது. பழக்கத்தில் அவள் கை தானாக அடங்கியது.

"அடக்காதே" என்றார் அவர் திரும்பாமலே. "தப்புன்னு சொல்லு."

"தப்பு" என்றாள். "அரை அடி பிந்திட்டே."

"இப்போ?"

"இப்பவும் தப்பு."

நாலைந்து ஒத்திகை இப்படியே போயின. இரண்டு பாட்டு சரியாக வந்தது, இன்னும் சில ஏறக்குறைய வந்தன. அண்ணனே மெட்டமைத்த வேகப் பாட்டு ஒன்று மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. கச்சேரியில் அது வேண்டாம் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுத் தந்தியைத் துடைக்கிற சாக்கில் நெடுநேரம் குனிந்தே இருந்தார். அவள் ஆறுதல் சொல்லவில்லை.

இன்னொரு ஆளைச் சேர்ப்பது பற்றிக் கம்பெனி மறுபடி கேட்டபோது, டிரம்ஸுக்கு வேண்டாம், உச்சத்தில் பாடுவதற்கு ஒரு மைக் கூடுதலாகக் கொடுங்கள், அது போதும் என்று மைனா சொல்லிவிட்டான். அது அவனுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

கச்சேரி ஒரு பிற்பகலில், பழைய நாடக அரங்கில். பாதிக்கு மேல் இளசுகள். முன்வரிசை ஓரத்தில் பேனாக்கத்தி, மடியில் கைப்பையோடு, பல் மருத்துவரிடம் முறைக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் இடி டிரம்ஸின் முன் உட்கார்ந்தாள். முதல் பாட்டின் முதல் அடியை ஓங்கி அடித்த பிறகு அவர் நினைவே இல்லை. அண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. பலகையில் ஊன்றிய வெறுங்கால் தெரிந்தது. இரண்டு இடத்தில் அவர் தவறினார். அவள் காத்திருக்கவில்லை. தட்டுத்தடுமாறி, தானே வழி கண்டு வந்து சேர்ந்துகொண்டார். கோட்டான் உச்சத்தில் பாடியபோது அரங்கம் முதலில் திகைத்தது, பிறகு கூத்தாடியது.

முடிந்தபின் மேடைக்குப் பின்னால் பேனாக்கத்தி வந்தார். மெதுவாகப் பேசுகிறவர். ஆல்பத்தில் யாருக்காக அப்படி வாசித்தீர்கள் என்று இடியிடம் கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் அண்ணன் குறுக்கிட்டார்.

"எனக்காக. எழுதறதா இருந்தா எழுதுங்க."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆல்பத்தைப் பத்தி எழுதினதை மாத்த மாட்டேன். அதுல கேட்டது அதுதான்" என்றார்.

"மாத்த வேண்டாம்" என்றாள் இடி. "சரியாத்தான் எழுதினீங்க."

அடுத்த வாரம் பேனாக்கத்தி கச்சேரியைப் பற்றிச் சிறியதாக எழுதினார். டிரம்ஸ் ஓடியது, கிடார் இரண்டு முறை விழுந்து எழுந்தது, பேஸ்காரர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது குற்றம், பாடகர் பாட்டுக்கு நடுவே இவ்வளவு பேச வேண்டியதில்லை. காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைனா நாலு நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

அண்ணன் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. படித்துவிட்டு, விழுந்தது இரண்டு முறையில்லை, மூன்று என்று தங்கைக்கு போன் செய்து சொன்னார். இரண்டுதான் என்று அவள் சாதித்தாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், விட்டுவிட்ட அந்த வேகப் பாட்டைக் கொஞ்சம் பிரித்து வேறு மாதிரி கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். சனிக்கிழமை வரச் சொன்னாள்.