அக்காவின் தாளம், என் தாளம்

எங்கள் வீட்டில் மாடியில் அரசாங்கம், கீழே தனியார். மாடியில் இருக்கும் என் அக்கா அரசுத் தொலைத்தொடர்புத் துறையில் தலைமைப் பொறியாளர். கீழே இருக்கும் நான் ஒரு சின்னக் கம்பெனியில் பொறியாளர். சின்ன என்றால் நிஜமாகவே சின்ன. கோபுரத்தில் ஆள் ஏறினால் முதலாளியே கீழே நின்று கயிறு பிடிப்பார்.

அன்று சோதனை நாள். அடுத்த தலைமுறை அலைபேசிச் சேவையை அரசே கட்டுவதா, தனியாருக்கும் திறந்துவிடுவதா என்று ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் ஒரு குழுவை அமைத்திருந்தார்கள். குழு ஒரு வண்டியில் ஊரைச் சுற்றி வந்து இரண்டு தரப்பையும் அளக்கும். நாங்கள் சொதப்பினால் எங்கள் கம்பெனிக்குப் பூட்டு. அக்கா சொதப்பினால் அவள் துறையையே கலைத்துவிட்டு எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிடுவார்கள். அதனால் வீட்டில் வேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று ஒப்பந்தம். அத்தான்தான் பாவம், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வம்பு என்று மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து காபி குடிப்பார்.

காலையில் எங்கள் கோபுரம் ராஜா மாதிரி வேலை செய்தது. திரையில் எல்லாம் பச்சை. குழுவின் வண்டி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பியதும் எதிர்க் கட்டட மொட்டை மாடியில் அக்காவின் கோபுரத்தை முழு வீச்சில் போட்டார்கள். அடுத்த நொடியே எங்கள் திரை சிவந்தது.

"என்னம்மா ஆச்சு? கேபிள் கழண்டுடுச்சா?" முதலாளி பதறினார்.

கேபிளாவது மண்ணாவது! எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கோபுரம் ஒரு கணம் பேசும், ஒரு கணம் கேட்கும். அக்காவுடையதும் அப்படித்தான். எவ்வளவு நேரம் பேசுவது, எவ்வளவு நேரம் கேட்பது என்ற கணக்கை நாங்கள் தாளம் என்போம். பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் இருப்பவர்களுக்கு ஒரே தாளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்போது அக்கா கத்துவாள், அவள் கேட்கும்போது நாங்கள் கத்துவோம். எங்கள் தாளத்தில் கேட்கும் நேரம் அதிகம். மக்கள் படமும் வீடியோவும் சட்டென்று அனுப்பலாம். அது எங்கள் துருப்புச்சீட்டு என்பதால் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அவர்களும் அவர்களுடையதைப் பொத்தி வைத்திருந்தார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்கவில்லை. வெட்கக்கேடு!

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, உன் திரையும் சிவப்பா?"

"இல்லையே. ரத்தக் களறியா இருக்குடி."

"தாளம் இடிக்குது. நீ மாத்து."

"நான் எப்படி மாத்துறது? மூணு பேர் கையெழுத்துப் போடணும். அதுல ஒருத்தர் லீவு. நீ மாத்து, உனக்கென்ன, ஒரு பட்டன்தானே?"

"எங்க பொழப்பே அந்தத் தாளத்துலதான்க்கா இருக்கு!"

அவள் வைத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வண்டி கடைவீதியை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதலாளியிடம் திரும்பினேன்.

"சார், நம்ம தாளத்தை விட்டுக்கொடுத்துடலாம்."

"அதையும் விட்டா நம்மகிட்ட என்னம்மா இருக்கு?"

"வேகம் இருக்கு. இப்படியே விட்டா அதுவும் இருக்காது."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போடு" என்றார். அரசின் தாளத்துக்கு மாற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சிவப்பு. அதே சிவப்பு!

போன் அலறியது.

"வாலு, உன் தாளத்துக்கு மாத்திட்டேன். ஏன்டி இன்னும் சரியாகல?"

"ஐயோ அக்கா! நான் உன்னோடதுக்கு மாத்திட்டேனே!"

குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கின கதை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கையெழுத்து?" என்றேன்.

"யாரும் போடல. நானேதான் மாத்தினேன். ஏய், நீ எதையும் தொடாதே! அப்படியே இரு. நான் பழையதுக்குப் போறேன். ஊருக்கெல்லாம் ஒரே தாளம் வேணும், அதை நாங்க பிடிச்சுக்கறோம். நீ ஓடு, எவ்வளவு முடியுமோ ஓடு!"

திரை பச்சையானது. வண்டி கடைவீதிக்குள் நுழைந்தது. எண்கள் ஏற ஏற எங்கள் அறையில் காது கிழிகிற கூச்சல். முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார், இறங்கத் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மாலையில் குழுவின் தலைவி முடிவைப் படித்தார். ஊர் ஓரத்திலும் மலைப் பாதையிலும் அரசு முதலிடம். எங்கள் சிக்னல் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைவீதியில் நாங்கள் முதலிடம். தனியாருக்கும் அனுமதி உண்டு, அரசும் கட்டும், தாளம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. நான் சந்தோஷத்தில் கத்தப் போனேன். அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அரசுக் கோபுரத்துல உத்தரவு இல்லாம தாளம் மாறியிருக்கு. யார் செஞ்சது?"

அக்கா எழுந்து நின்றாள். "நான்தான்."

"யாரைக் கேட்டீங்க?"

"கேட்க நேரமில்லைங்க."

"மெமோ வரும்."

"வரட்டுங்க."

விதிமுறை என்றால் உயிரை விடுகிறவள் என் அக்கா. தன் வேலையைப் பணயம் வைத்து என் பக்கம் வந்து நின்றிருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"தள்ளுடி, எல்லாரும் பார்க்கறாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டவள் காதருகே குனிந்தாள். "கடைவீதியில என்னைவிட எவ்வளவு வேகம்?"

"ரெண்டு மடங்கு."

மெமோ வரப்போகிறவளின் முகமா அது? கண் இரண்டும் மின்னின. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி. அடுத்த வருஷம் கடைவீதியிலயும் உன்னை ஒரு கை பார்க்கிறேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக அரசாங்கத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. எவ்வளவு சந்தோஷமான பயம்!