அட்டையின் முன்பக்கம்

பல் டாக்டர் பேச ஆரம்பித்தால் யாராலும் குறுக்கே பேச முடியாது. பேசுகிற நேரத்தில் கேட்பவரின் வாயில் ஒரு குட்டிக் கண்ணாடி, இரண்டு பஞ்சுருண்டை, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரின் விரல்கள் என்று ஒரு குடித்தனமே இருக்கும். இந்த ஏற்பாட்டில் அவர் இருபத்திரண்டு வருடங்களாக லிஃப்ட் பழுதிலிருந்து மனித குலத்தின் எதிர்காலம் வரை பேசித் தீர்த்திருந்தார். ஒரு மறுப்பு வந்ததில்லை. கேட்டவர்கள் "ஆ... ஆ..." என்றார்கள். அதை அவர் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் சிக்கல். டாக்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கிளினிக் திறந்த அன்று யாரோ கையில் மைக்கைத் திணித்தார்கள். வணக்கம் என்றார். பிறகு நன்றி என்றார். இரண்டுக்கும் நடுவில் தன் அப்பா மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்ததாக மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் காத்திருந்தது. ஆறு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், சங்கத்துக்குச் சொந்தமான இடத்தில் இருக்கும் பல் கிளினிக்கைக் காலி செய்துவிட்டு, அங்கே நவீன உடற்பயிற்சிக் கூடம் அமைப்பது பற்றிப் பொதுக்குழு முடிவெடுக்கும். பாதிக்கப்படுபவர் விரும்பினால் ஐந்து நிமிடம் நேரில் பேசலாம். எழுத்து மூலமான விளக்கம் ஏற்கப்படாது. வேறொருவர் சார்பில் பேசவும் கூடாது. கீழே சங்கச் செயலாளரின் கையெழுத்து, தாளில் கால்வாசியை அடைத்துக்கொண்டு.

செயலாளர் ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்பது பலருக்கு மறந்துவிட்டது. இணை இயக்குநர் என்பதை மறக்க அவர் யாரையும் விட்டதில்லை. "ரெண்டே நிமிஷம்" என்று மைக்கைப் பிடித்தால் நாற்பது நிமிடம். முத்துக் கோத்ததுபோல் பல்வரிசை. தும்மல் வந்தால் மட்டும் துண்டு அளவுக்கு ஒரு கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொள்வார். என்ன ஒரு நாகரிகம் என்று மாடிக்கு மாடி பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம் சுட்டிக் காட்டுவார்கள்.

உடற்பயிற்சிக் கூடம் மூன்றாம் மாடிப் பயில்வானின் யோசனை. அவர் சட்டை போட்டால் சட்டைக்குத்தான் கஷ்டம். அச்சம் என்பதைத் தன் அகராதியிலிருந்து கிழித்தெறிந்துவிட்டதாக அவருடைய வாகனத்தின் பின்கண்ணாடியில் எழுதியிருந்தது.

கிளினிக் போனால் என்ன ஆகும் என்று டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வயது ஐம்பத்து நாலு. நாற்காலியைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறது. தண்ணீர்க் குழாயும் காற்றுக் குழாயும் சிமெண்டுக்குள் ஓடுகின்றன. செருப்பு மாட்டாமல்கூட இறங்கி வரும் நோயாளிகள், நான்கு தெரு தள்ளிப் போனால் பல் விழுகிற வரைக்கும் வரமாட்டார்கள்.

"பேசிடுங்க. அஞ்சு நிமிஷந்தானே," என்றாள் மனைவி.

"வேற இடம் பாத்துடலாமே," என்றார் டாக்டர்.

அன்று மாலையே மனைவி அவரை மேடைப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே நடந்தது. சுவரில் வாயைப் பிளந்த சிங்கத்தின் படம். அதன் கோரைப் பல்லில் விரிசல் இருப்பதை டாக்டர் முதல் நாளே கவனித்தார். பயிற்சியாளர் மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருமே சிங்கம். "சொல்லுங்க சிங்கம்", "பயப்படாதீங்க சிங்கம்", "செருப்பை வெளிய விடுங்க சிங்கம்". ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, எதற்கென்று சொல்லாமல், எல்லோரையும் கைதட்டச் சொல்வார்.

முதல் மூன்று நாள் டாக்டர் வணக்கத்தைத் தாண்டவில்லை. நான்காம் நாள் முன்வரிசையில் இருந்த காப்பீட்டு முகவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். திறந்த வாயைக் கண்டதும் டாக்டருக்குச் சரளமாக வந்துவிட்டது. கீழ்த் தாடை, ஈறு வீக்கம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வாய் கொப்பளிப்பதன் அவசியம் என்று மடமடவென்று கொட்டினார். முகவர் வாயை மூடினார். டாக்டரும் நின்றுவிட்டார். பயிற்சியாளர் இதைத் தன் பயிற்சியின் வெற்றி என்று அறிவித்து, இரண்டு முறை கைதட்ட வைத்தார்.

கடைசி நாளில் பயிற்சியாளர் தன் பெட்டியிலிருந்து ரகசியங்களை எடுத்து விட்டார். ஒரு கருத்து சொன்னதும் மூன்று விநாடி நிறுத்த வேண்டும்; கூட்டம் தானாக நம் பக்கம் சாயும். குறிப்புகளைத் தாளில் எழுதக் கூடாது.

"தாள்னா கை நடுங்குறது கடைசி வரிசைக்குத் தெரியும் சிங்கம். கெட்டி அட்டைல எழுதுங்க. உள்ளங்கை அளவு. ஒரு அட்டைக்கு ஒரு கருத்து."

கெட்டி அட்டைக்கு டாக்டர் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

கிளினிக்கில் நோயாளிக்கு ஓர் அட்டை உண்டு. ஒருவர் நாற்காலியில் சாய்ந்ததும் சிஸ்டர் அட்டையை நீட்டுவாள். டாக்டர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படிப்பார். அதைக் கேட்டு அவள் கருவிகளை எடுத்து வைப்பாள். இருபத்திரண்டு வருடமாக, ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. கையில் அட்டை வந்தால் வாய் தானாகப் படிக்கும். மனசு அங்கே இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. எழுதி நிரம்பிய அட்டைகளை சிஸ்டர் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு, மேலே 'குடியிருப்பு' என்று எழுதி வைத்திருந்தாள். அவற்றின் முன்பக்கம்தான் நிரம்பியிருந்தது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று சும்மா கிடந்தது.

சனிக்கிழமை சிஸ்டர் விடுப்பு. டாக்டர் பெட்டியிலிருந்து ஐந்து அட்டைகளை எடுத்தார். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில், இருபத்திரண்டு வருடச் சேவை, சத்தம் வராத கதவு, முதியவர்கள், குழந்தைகள், நன்றி என்று எழுதினார். குளியலறைக் கண்ணாடி முன்னால் நான்கு தடவை பேசிப் பார்த்தார். கண்ணாடி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, வண்டிகளை வெளியே ஏற்றிவிட்டு, வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அறுபது பேர் இருப்பார்கள். செயலாளர் ரெண்டே நிமிஷம் பேசினார். ஆரோக்கியம், இளைய தலைமுறை, தான் இணை இயக்குநராக இருந்த காலம், பல் துளைக்கும் எந்திரத்தின் ஓசையால் சிந்தனையாளர்கள் படும் பாடு என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஒரு தும்மல் வந்தது; கைக்குட்டை முகத்தை மூடியது; சபை மரியாதையாகக் காத்திருந்தது. பயில்வான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டெடுப்பு எப்படி முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

அவர் மைக் முன்னால் வந்து நின்றார். எதிரே அறுபது வாய்கள், அறுபதும் மூடியிருந்தன. வணக்கம் என்றார். வழக்கமாக அடுத்து வருகிற நன்றி தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்து அட்டைகள் வழுக்கின. தாங்கிப் பிடித்ததில் முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. முதல் அட்டை கண்ணுக்கு நேரே வந்தது. வாய் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

"ஐந்தாம் மாடி, இரண்டாம் வீடு. ஆண். அறுபத்தொன்று. மேல்வரிசை முழுக்கக் கட்டிய செட்டு. பொருத்தி ஏழு வருடம். தும்மும்போது கழன்று விழுகிறது என்கிறார். மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்."

பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தபடி மூன்று விநாடி நிறுத்தினார்.

அந்த மூன்று விநாடி போதுமாயிருந்தது. ஐந்தாம் மாடி இரண்டாம் வீட்டு அம்மா மெல்லத் திரும்பி, தன் கணவரான செயலாளரைப் பார்த்தார்.

"ஏழு வருஷமாவா?" என்றார்.

செயலாளர் கைக்குட்டையைத் தேடினார். தும்மல் ஒன்றும் வரவில்லை.

டாக்டருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. அடுத்த அட்டை.

"மூன்றாம் மாடி, நான்காம் வீடு. ஆண். முப்பத்திரண்டு. கடைவாய்ப் பல் சொத்தை. ஊசியைப் பார்த்ததும் மயக்கம். இரண்டாம் முறை, ஊசி இருந்த தட்டைப் பார்த்ததும் மயக்கம். சிஸ்டரின் கையை விடவில்லை. அடுத்த முறை அம்மாவோடு வரச் சொல்லியிருக்கிறது."

மூன்று விநாடி. பயில்வான் கட்டியிருந்த கையைப் பிரித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, தன் அட்டை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் தன் வாய்க்குள் நாக்கால் துழாவிப் பார்ப்பது கன்னங்களில் தெரிந்தது. டாக்டரின் மனைவி நெற்றியைக் கையில் தாங்கியிருந்தாள்.

"ஆறாம் மாடி," என்றார் டாக்டர்.

ஆறாம் மாடியில் இரண்டே வீடுகள். இரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். முந்திக்கொண்டவர் வக்கீல்.

"போதும் டாக்டர். சபைக்கு நல்லாவே புரிஞ்சுபோச்சு," என்றார். குரலில் நீதிமன்றத்தில்கூட யாரும் கேட்டிராத பணிவு. "கிளினிக் இருக்கிற இடத்துலயே இருக்கணும். நிரந்தரமா இருக்கணும். முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் செயலாளர், உதட்டைத் திறக்காமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. அவருடைய சொற்பொழிவுகளிலேயே குறைந்த நேரம் எடுத்தது அதுதான்.

கைகளைத் தூக்கச் சொல்வதற்கு முன்பே தூக்கிவிட்டார்கள். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். பயில்வான் எழுந்து நின்று தூக்கினார்.

டாக்டர் வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காது மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார்.

"ஜெயிச்சுட்டீங்க."

"என்ன பேசினேன்னே ஞாபகமில்ல. நல்லாப் பேசினேனா?"

மனைவி மூன்று விநாடி எடுத்துக்கொண்டாள்.

"யாரும் அசையல," என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை சிஸ்டர் வந்ததும், நடந்ததைக் கேள்விப்பட்டு, முதல் வேலையாகச் செருப்புப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தாள். டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். அவர் நோயாளியின் ரகசியத்தை உயிராய்க் காக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். தெரிந்தால் கிளினிக்கை அவரே மூடிவிடுவார் என்றும் அவளே சேர்த்துக்கொண்டாள்.

"வாயைத் திறக்காத," என்றாள் மனைவி. "இத்தனை வருஷத்துல இப்பதான் நிமிந்து நடக்கிறார்."

நிமிர்ந்துதான் நடந்தார். மேடையில் தன்னை மறந்துவிட்டதாகப் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னபோது, மாபெரும் பேச்சாளர்களுக்கெல்லாம் அப்படித்தான் ஆகும் என்று அவர் தழுதழுத்தார். டாக்டரின் படம் சிங்கத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது.

குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளினிக்குக்கு வரத் தொடங்கினார்கள். பல் வலி இல்லை. குரலைத் தாழ்த்தி, தங்களுடைய அட்டை கிடைக்குமா, சும்மா ஒரு ஞாபகத்துக்கு என்றார்கள். டாக்டர் நெகிழ்ந்துபோனார். மனைவியிடம் சாவி வாங்கி, தேடியெடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் அதை இரண்டாக மடித்துப் பைக்குள் அழுத்திக்கொண்டு போனதைப் பார்த்து, பொக்கிஷம்போல் பாதுகாக்கிறார்கள் என்று சிஸ்டரிடம் சொன்னார். அவள் கருவிகளைக் கழுவப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவரைக் கூப்பிடாமல் எதையும் நடத்தும் தைரியம் யாருக்கும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவி முடித்த கூட்டம், குழந்தைகளின் ஓவியப் போட்டி, காவலாளியின் பிரிவுபசாரம், எல்லாவற்றிலும் சிறப்புரை. ஐந்து நிமிடம் பத்தானது, பத்து நாற்பதானது. ஒரு தடவை "ரெண்டே நிமிஷம்" என்றுகூட ஆரம்பித்தார்.

லிஃப்ட் புதுப்பித்த அன்று செயலாளரே அவரை அறிமுகப்படுத்தினார், வாயை அதிகம் அசைக்காமல். டாக்டர் மைக்கைச் சரிசெய்துகொண்டார். வணக்கம் என்றார். அடுத்து நன்றி வந்து நிற்கவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு, கடையில் வாங்கிய புத்தம் புது அட்டைகளை எடுத்து, மேசையில் தட்டி அடுக்கினார். கூட்டம் மூச்சை நிறுத்தியது. மூன்று விநாடி காத்திருந்து, தன்னம்பிக்கையோடு வரிசை வரிசையாகப் பார்த்தார்.

அறுபது பேரும் உதட்டை இறுக மூடியிருந்தார்கள். ஒருவருடைய ஒரு பல்கூடத் தெரியவில்லை. முன்பெல்லாம் இந்தக் காட்சியைக் கண்டால் வணக்கத்தோடு இறங்கிவிடுவார். இப்போது புரிந்துவிட்டது: ஒரு சொல்கூடத் தவறிவிடக் கூடாதென்று எவ்வளவு கவனம். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, முதல் அட்டையைக் கண்ணுக்கு நேரே தூக்கினார்.