அன்னம் ஓய்வெடுக்கிறது

“நடுரோட்டுல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“நிக்காது.”

“ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க. நின்னுடுச்சு.”

“பேச்சுக்குக்கூட நிக்காதுங்க. வேணும்னா ஓய்வெடுக்கும்.”

“ஓய்வெடுத்தா?”

“எடுத்து முடிச்சதும் கிளம்பும்.”

கல்யாணம் நிச்சயமான பிறகு நானும் அவரும் முதன்முதலாகத் தனியாகப் பேசியது இதுதான். ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்து, காரைப் பற்றி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனுஷனுக்கு நகைச்சுவை கொட்டிக் கிடக்கிறது என்று வீட்டுக்கு வந்து தங்கையிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவர் நகைச்சுவையே செய்யவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் அன்னம் கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். மூக்கில் வெள்ளி அன்னம் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கார். கம்பெனி அதை அன்னம் என்கிறது. ஊரில் எல்லோரும் கொக்கு என்கிறார்கள். கொக்கு என்ற சொல் காதில் விழுந்தால் என் கணவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அன்னத்தின் வரலாறு எனக்குத் தலைகீழாகப் பாடம். கம்பெனியைத் தொடங்கியவர் முதலில் தையல் மெஷின் செய்துகொண்டிருந்தாராம். ராத்திரி வீட்டுக்காரம்மாவின் தூக்கம் கெடுகிறது என்று, சத்தமில்லாத மெஷினாகச் செய்தாராம். அதே கையோடு சத்தமில்லாத கார். முதல் காரின் மூக்கில் ஒரு டம்ளர் பாலை வைத்து மலைப்பாதையில் ஏறி இறங்கினார்களாம். ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம். இந்தப் பால் டம்ளர் கதையை என் கணவர் ஷோரூமுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். பால்காரரிடமும் ஒரு முறை சொன்னார். அவர் கேட்டுவிட்டு, “ஆடாம இருந்திருக்கும் சார், தயிரா உறைஞ்சிருக்குமே” என்றார். மறுநாளிலிருந்து எங்களுக்குப் பாக்கெட் பால்தான்.

ஓய்வு என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு பணக்காரரின் அன்னம் ஏரிக்கரையில் நின்றுபோனதாம். கம்பெனி ஆட்கள் ஓடிவந்து முதலில் காரைத் தொடவில்லையாம். கரையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, டீ ஊற்றிக் கொடுத்து, “ஐயா, இந்த இடத்தோட அழகைப் பாத்துட்டு வண்டி கொஞ்சம் ஓய்வெடுக்குது” என்றார்களாம். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அன்னம் எங்கும் நிற்பதில்லை. யாரிடமும் உதவி கேட்பதில்லை. பொது இடத்தில் அதன் என்ஜின் மூடியைத் திறப்பதுமில்லை. மூடிய லாரி ஒன்று வரும், திரை போட்டு ஏற்றிக்கொண்டு போகும்.

இதெல்லாம் காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் கணவரும் அப்படியே ஆகிவிட்டார். காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிக்கும். “ஒண்ணுமில்ல, ஓய்வெடுக்கறேன்” என்பார். சாப்பாட்டில் உப்பு வேண்டுமென்றால் கேட்கமாட்டார்; உப்புச் சாடியையே கனிவோடு பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் ஸ்டாப் எங்கே என்று ஒருவரைக் கேட்பதற்குப் பதில், அந்த வட்டாரம் முழுவதையும் சுற்றிக் காட்டுவார். கூட நடந்து கால் வீங்கிப்போவது நான்.

என் அப்பாவோ நேர் எதிர். அப்பாவுக்கு பேக்கரி. ரொட்டியும் பன்னும் கடைகளுக்குக் கொண்டுபோட ஒரு பழைய வேன். அதன் பக்கவாட்டில் சிரிக்கிற பன் ஒன்று வரைந்திருக்கும். மழையில் ஒரு கண் அழிந்துபோய் இப்போது கண்ணடிக்கிற பன். அந்த வேன் தானாகக் கிளம்பிய நாளை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. “தம்பி, கொஞ்சம் தள்ளி விடுங்கப்பா!” என்று அப்பா ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டால் நாலு பேர் ஓடிவருவார்கள். தள்ளியவர்களுக்கு ஆளுக்கொரு பன். இப்படியே அப்பாவுக்குத் தெருவுக்குத் தெரு சிநேகிதர்கள். ஊரில் அன்னத்துக்கு எவ்வளவு மதிப்போ, அவ்வளவு மதிப்பு பன் வேனுக்கும் இருந்தது. வழிதான் வேறு.

நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, யாரும் கூப்பிடாமலேயே அப்பா வேனைக் கொண்டுவந்து பழைய வீட்டு வாசலில் நிறுத்தினார். என் கணவர் வேனைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்தார். “வேண்டாம் மாமா. தேவைப்பட்டா சொல்றேன்” என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு ஃபிரிட்ஜைக் கைவண்டியில் வைத்து நாங்கள் தள்ளிக்கொண்டு போனதை எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்பா அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. எப்போது பார்த்தாலும், “ஏதாவது வேணும்னா சொல்லுங்க மாப்பிள்ளை” என்பார். இவரும், “சொல்றேன் மாமா” என்பார். சொன்னதில்லை. “நகை வேணாம், நட்டு வேணாம், அந்த மனுஷன் ஒரு தடவ என்கிட்ட வாய் திறந்து ஏதாச்சும் கேட்டா போதும்டி” என்று அப்பா ஒரு நாள் அம்மாவிடம் சொன்னது அடுப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. அதைக் கணவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லிக் கேட்க வைத்தால் அது கேட்டதாக ஆகுமா? விட்டுவிட்டேன்.

இப்படி வருஷங்கள் ஓடி, என் தங்கையின் கல்யாணம் வந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிற கல்யாணம்தான். ஆனால் நேரம் கழுத்தைப் பிடித்தது. கல்யாணப் பையனுக்குக் கப்பலில் வேலை. சாயங்காலம் கப்பல் ஏறினால் ஆறு மாதம் கழித்துத்தான் தரையை மிதிப்பான். அன்று சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். விட்டால் ஆறு மாதம்.

“கல்யாணப் பொண்ணு அன்னத்துல வர்றா” என்று என் கணவர் அறிவித்துவிட்டார். ஷோரூம் வாசலில் காட்சிக்கு நிற்கும் மிகப் பழைய அன்னத்தை முதலாளியிடம் பேசி வாங்கி வந்தார். முதலாளியே வலிய வந்து கொடுத்தாராம், இவர் கேட்கவில்லையாம்.

வெள்ளைக் கையுறை போட்டு அவர் ஓட்டினார். பக்கத்தில் நான். பின் சீட்டில் பூங்கொத்தோடு தங்கை. பின்னாலேயே பன் வேனில் அப்பா, அம்மா, ரொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அத்தைகள்.

குறுக்கு வழி என்று மார்க்கெட் தெருவுக்குள் திருப்பினார். ஒரு பக்கம் தக்காளி வண்டிகள், இன்னொரு பக்கம் ஒட்டி ஒட்டி நிறுத்திய பைக்குகள். நடுவில் அன்னம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி நுழைந்தது. ஊர்ந்து ஊர்ந்து பாதித் தெருவுக்கு வந்ததும், சத்தமே இல்லாமல் நின்றது. சத்தமில்லாத கார் என்பதால் நின்றது எங்களுக்கே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பூனை எங்களைத் தாண்டிப் போனபோதுதான் சந்தேகம் வந்தது.

அவர் சாவியைத் திருகினார். ‘கினுக்’ என்றது. இன்னொரு தரம் திருகினார். அந்தக் ‘கினுக்’கும் இல்லை.

“என்னாச்சு அத்தான்?” என்றாள் தங்கை.

“ஒண்ணுமில்லம்மா. ஓய்வு.”

எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. மூக்கில் இருந்த வெள்ளி அன்னத்தின் கண்ணாடி வயிற்றுக்குள் மஞ்சளாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணையப் போகிற மாதிரி.

“அந்த லைட்டை எப்போ போட்டீங்க?”

“காலைல.”

“காலைலேர்ந்தா? பட்டப்பகல்ல எதுக்கு?”

“பாக்கறவங்க பாக்கட்டும்னுதான்” என்றார், குரல் உள்ளே போய்.

தங்கை அழகு நிலையத்தில் முகம் தீட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வாசலில் அன்னம் ஒளிவீசிக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரியை அது குடித்துத் தீர்த்துவிட்டது.

அவர் மெல்லிய குரலில் கம்பெனிக்குப் போன் போட்டார். “அன்னம் ஓய்வெடுக்குது... மார்க்கெட் தெரு... என்னது, லாரி நுழையாதா?... சரி, சரி.” போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“நான் இறங்கி நடந்து போய் டாக்ஸி பிடிக்கறேன்” என்று தங்கை கதவைத் தள்ளினாள். அன்னத்தின் கதவு புகழ்பெற்ற கதவு. ராஜா மாதிரி இறங்கலாம் என்று அகலமாகச் செய்தது. அகலமாகத் திறந்தால்தான் ஆள் இறங்க முடியும். இங்கே உள்ளங்கை அகலம் திறந்து, தக்காளி வண்டியில் முட்டி நின்றது. மறுபக்கம் பைக்குகள்.

“சார், கொக்கு முட்டை போடுதா?” என்றார் தக்காளிக்காரர்.

“அன்னம்” என்றார் என் கணவர்.

“அன்னம் முட்டை போடுதா?”

பின்னால் ஹாரன்கள் அலறின. கூட்டம் சேர்ந்தது, போன்கள் மேலே எழுந்தன. என் கணவருக்கு ஏரிக்கரை நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னலை இறக்கி, “இந்த வண்டியோட வரலாறு உங்களுக்குத் தெரியுமா?” என்று ஆரம்பித்தார். தையல் மெஷின் வந்தது. மலைப்பாதை வந்தது. பால் டம்ளர் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் நேராகப் போய், வழிய வழிய ஒரு டீயைக் கொண்டுவந்து காரின் மூக்கில், வெள்ளி அன்னத்தின் பக்கத்தில் வைத்தார்.

“அட, ஆமாம் சார்! ஒரு சொட்டுக்கூடச் சிந்தல! நின்ன வண்டில எப்படிச் சிந்தும்?”

தெருவே கைதட்டியது. தங்கை பூங்கொத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குள் அப்பா வேனிலிருந்து இறங்கி, பைக்குகளுக்கு நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார்.

“என்ன மாப்பிள்ளை, ஓய்வா?”

“ஆமாம் மாமா. லேசா.”

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க.”

“தேவைப்பட்டா சொல்றேன் மாமா.”

“அப்பா!” என்று தங்கை கத்தினாள். “முன்னாடி ரோடு காலியா இருக்கு. வேனால பின்னாடி முட்டித் தள்ளுங்கப்பா, கிளம்பிடும்!”

“ஓட்டறவர் சொல்லாம எப்படிம்மா தள்றது? அவர் பிரேக்கை மிதிச்சிட்டிருந்தா? கியர்ல போட்டு, கிளட்சை அவர் விடணும். ரெண்டு பேரும் சேர்ந்து செய்யற வேலை அது.”

“நான் சொல்றேன்பா, தள்ளுங்க” என்றேன் நான்.

“நீ பேசாம இரு. ஸ்டியரிங் உன் கையிலயா இருக்கு?”

அப்பா மெதுவாக வேனுக்குத் திரும்பிப் போனார். என் கணவர் கண்ணாடியில் வேனையே பார்த்தார். கண்ணடிக்கிற பன். அதன் கீழே துருப்பிடித்த பம்பர்.

“குரோமியம் கீறிடும்” என்றார் மெதுவாக. “இத்தனை போன் இருக்கு. அன்னத்தை பன் வேன் தள்ளுதுன்னு நாளைக்கு ஊரே பாக்கும். எத்தனை வருஷப் பேரு இது.”

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். தங்கையின் போன் முந்திக்கொண்டது. கல்யாணப் பையன் பேசினான். பதிவாளர் மேசையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாராம், இன்னும் கால் மணி நேரம்தான் என்கிறாராம். அவள் கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை. “பார்க்கறேன்” என்று மட்டும் சொல்லி போனை மடியில் வைத்தாள்.

“பரவாயில்ல அத்தான். உங்க வண்டி ஓய்வெடுக்கட்டும். என் கல்யாணமும் ஆறு மாசம் ஓய்வெடுக்கட்டும்.”

சொல்லிவிட்டு சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தீட்டிய மை கன்னத்தில் கோடாக இறங்கியது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தால்கூட எழுந்து உதறிவிட்டுப் போகிறவள்.

என் கணவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். பிறகு அன்னத்தின் விளக்கை அணைத்தார். வெள்ளைக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மடியில் போட்டார். கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை, தோளை, பாதி உடம்பையே வெளியே நீட்டிப் பின்பக்கம் திரும்பினார்.

“மாமா...”

“சத்தமா சொல்லுங்க மாப்பிள்ளை!” வேன் ஜன்னலில் அப்பாவின் தலை எட்டிப்பார்த்தது. “ஹாரன்ல ஒண்ணும் கேக்கல!”

தக்காளிக்காரர் கையை உயர்த்தி ஹாரன்காரர்களை அடக்கினார். போன்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. தெரு முழுக்க அமைதி. அன்னத்துக்கு அவர் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த மாதிரி அமைதி. என் கணவரின் காது மடல்கள் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாமா! கொஞ்சம் தள்ளி விடுறீங்களா?”