ஃபின்லாந்துக்காரனை நான் எடுத்துக்கொள்கிறேன்

என் பெண் ஓவியா போன ஆடியிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவள் அப்பாவோடு பேசுகிறாள். ஞாயிறு தவறாமல் சான் ஹோசேயிலிருந்து போன் வரும். என் வீட்டுக்காரர் சபரிநாதன் போனைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விடுவார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் 'ம்' கொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பெற்ற வயிறு பற்றி எரியும். "என்னங்க சொன்னா?" என்றால், "ஒண்ணுமில்ல, ஹாக்கிதான்" என்பார்.

ஹாக்கிதான். நியூ ஜெர்ஸியில் இருந்தபோது அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பிடித்த பைத்தியம் அது. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே போய் ஒருவனை ஒருவன் சுவரில் மோதும் ஆட்டம். நாங்கள் ஹியூஸ்டன் பக்கம் பேர்லேண்டுக்கு வந்து, அவள் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு லீக் வைத்திருக்கிறார்கள். நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு ஆளுக்கொரு கற்பனை அணி. அவன் அங்கே கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. அவன் நிஜத்தில் வாங்குகிற சம்பளமும் நம் கணக்கில் ஏறும். எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒருவனை வாங்க வேண்டுமென்றால் ஒருவனைக் கொடுத்தாக வேண்டும், அதற்கு ட்ரேட் என்று பெயர். லீக்கை நடத்துகிற கமிஷனர் ஓவியா. மற்றவர்கள் அவளோடு படித்தவர்கள், கூட வேலை செய்கிறவர்கள்.

ஜனவரியில் இவருக்கு லூசியானாவில் ரீஃபைனரி வேலை வந்தது. "நேரமில்ல, டீமை விட்டுடப் போறேன்" என்றார். "எனக்குக் குடுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு அதுல என்ன தெரியும்?" "கத்துக்கறேன்." கமிஷனர் சம்மதிக்க வேண்டுமாம். ஓவியாவிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: அப்ரூவ்ட். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் எழுதியதென்று என்னிடம் படிக்க வேறு எதுவும் இல்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் ஷ்யாமளா அக்கா. மூன்று தெரு தள்ளி இருக்கிறார்கள். நான் கர்ப்பப்பை ஆபரேஷனில் படுத்திருந்தபோது ஒரு மாதம் ரசமும் சோறும் கொண்டுவந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவர்கள். அவர் பையன் கதிர் ரிச்சர்ட்சனில் வேலை பார்க்கிறான். தங்கமான பையன், இப்போதும் சொல்வேன். ஓவியாவும் சரி என்றுதான் சொன்னாள். பூ வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் வேண்டாம் என்றாள். கேட்டால், "அவன் நல்லவன்மா, எனக்கு வேண்டாம்" என்கிறாள். பூ வைத்த வீட்டுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? "கொஞ்சம் பொறுங்கக்கா, அவ மனசு மாறிடும்" என்று சொல்லிவைத்தேன். அது கதிர் மூலம் ஓவியா காதுக்குப் போனது. "நான் நோ சொன்னப்புறம் நீ எப்படிம்மா எனக்காக எஸ் சொன்னே?" என்று கேட்டாள். "எஸ் சொல்லலயே, பொறுங்கன்னுதான் சொன்னேன்" என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அக்கா மட்டும் மீனாட்சி கோயிலில் பார்க்கும்போதெல்லாம் கேட்பதை விடவில்லை. நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஹியூஸ்டனில் ஒரு மருத்துவமனைக்குக் கையுறை முதல் கட்டில் வரை வாங்கிப்போடுவது என் வேலை. எவன் பொருளில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதில் எனக்கு இருபது வருடப் பழக்கம். ஆட்டம் புரியாவிட்டாலும் ஆள் புரிந்தான். எவனுக்கு முட்டி தேய்கிறது, எவன் காண்ட்ராக்ட் கையெழுத்தானதும் தூங்குகிறான், எவன் அடிமாட்டுச் சம்பளத்துக்குக் குதிரையாக ஓடுகிறான் என்று ஒரு மாதத்தில் பிடித்துவிட்டேன். லீக்கில் இருக்கிற ரஞ்சித்குமார் என்ற பையனை இரண்டு ட்ரேடில் மொட்டையடித்தேன். "ஆண்ட்டி பயங்கரமா இருக்காங்க" என்று லீக் சாட்டில் எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள். ஓவியா ஒன்றும் எழுதவில்லை.

மார்ச்சில் ஓவியாவின் அணி முழுகப் போவது எனக்குத் தெரிந்தது. அடிபட்டுப் படுத்திருந்த அவளுடைய ஆட்டக்காரர்கள் இருவர் ஒரே வாரத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். படுத்திருக்கும்வரை சம்பளம் கணக்கில் ஏறாது, எழுந்தால் ஏறும். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு குடும்பம் விருந்துக்கு வந்து நின்ற கதை. உச்சவரம்பைத் தாண்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியத்தோடு ட்ரேட் முடிந்துவிடும், அதற்குள் குறைக்காவிட்டால் இந்த சீசன் முழுக்க அவளுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. அவள் கழுத்தில் கிடந்த பெரிய கல் ஒரு ஃபின்லாந்துக்காரன், கோல்கீப்பர். யானைச் சம்பளம், இடுப்பில் ஆபரேஷன், இன்னும் நாலு வருடக் காண்ட்ராக்ட். அவனை யாரும் தொட மாட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் அணியின் செல்லப்பிள்ளை ஒரு செக் நாட்டுப் பையன். சொற்பச் சம்பளம், வாரத்துக்கு வாரம் கோல். என் கணக்கில் யானைச் சம்பளத்துக்கும் இடமிருந்தது. அவனை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஃபின்லாந்துக்காரனை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். பெண் பாரம் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், தாய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ள மாட்டாளா?

பத்து நிமிடத்தில் அக்செப்ட் ஆனது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். இவரைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு சரின்னு சொல்லீட்டா!" என்று கத்தினேன். பக்கத்து அறைத் தமிழ்ப் பெண் ஏதோ கல்யாணம் என்று நினைத்து வாழ்த்தினாள்.

மதியத்துக்குள் சாட் தீப்பிடித்தது. அம்மாவும் பெண்ணும் கூட்டுக் களவாணிகள் என்று ரஞ்சித்குமார் நாசூக்காக எழுதினான், மற்றவர்கள் நாசூக்கில்லாமல் எழுதினார்கள். ஓட்டெடுத்து ட்ரேடை ரத்து செய்தார்கள். ஒரு ஓட்டுகூட எங்களுக்கு விழவில்லை. அடுத்து என் போன் அடித்தது. திரையில் ஓவியா. எடுப்பதற்குள் கீழே போட்டுவிட்டேன்.

"அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கே நீ?"

"சாப்ட்டியா கண்ணு?" என் வாய் தானாகக் கேட்டது.

"ஓ மை காட், சாப்ட்டியான்னு கேக்காதே! எல்லாரும் நான் சீட் பண்ணேன்னு நெனக்கறாங்க. நான் கமிஷனர்மா!"

"உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்…"

"நான் கேட்டனா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அதைவிட மோசம் என்ன தெரியுமா? நான் அக்செப்ட் பண்ணேன். எனக்கு வேணும், அதனால பண்ணேன். பண்ணதுக்கு அப்புறம் என்னை எனக்கே புடிக்கல. நீ எப்பவும் இப்படித்தான். எனக்கு என்ன வேணும்னு நீயே டிசைட் பண்ணிக் கையில திணிச்சுடுவே. வாங்கிக்கிட்டா தப்பு என்னோடது." குரல் உடைந்து, பிறகு இறுகியது. "மத்தவங்ககிட்ட எப்படி ட்ரேட் பண்றியோ அப்படி எங்கிட்டயும் பண்ணு. இன்னொரு தடவை சும்மா தூக்கிக் குடுத்தா உன் டீமை வேற யாருக்காவது குடுத்துடுவேன். ஐ மீன் இட்."

வைத்துவிட்டாள். மருத்துவமனைப் பார்க்கிங்கில் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். கோபமும் வந்தது. கொடுப்பது ஒரு குற்றமா? எந்த ஊர் நியாயம் இது? ஆனால் அந்த அணியும் போய்விட்டால் அவள் வாழ்க்கைக்குள் எட்டிப்பார்க்க எனக்கு ஒரு ஜன்னல்கூட மிஞ்சாது. அந்த நினைப்பில் கோபம் அடங்கிப் பயம் வந்து உட்கார்ந்தது.

வியாழக்கிழமை காலை ஓவியாவிடமிருந்தே ஒரு ட்ரேட் வந்தது. ஃபின்லாந்துக்காரனை எனக்குத் தருகிறாளாம். பதிலுக்குச் செக் பையனையும், என் அணியின் முதல் தரமான தடுப்பாட்டக்காரனையும் கேட்டிருந்தாள். பகல் கொள்ளை. வேறு யாராவது கேட்டிருந்தால் நன்றாக நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கேட்டது என் பெண். இத்தனை மாதத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் பொருள். அக்செப்ட் பொத்தான் மேல் விரல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். லூசியானாவுக்குப் போன் செய்தேன்.

"குடுத்துடு புஷ்பா, அவளே கேக்கறாளே, அப்புறமென்ன?" என்றார் இவர்.

"குடுத்தா டீமை விட்டே துரத்திடுவா."

"அப்ப குடுக்காதே."

"குடுக்கலீன்னா? திரும்பப் பேசாமயே போயிட்டா?"

போனை வைத்தேன். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் குழி. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். பெயரைக் கையால் மறைத்துவிட்டு வெறும் சரக்கைப் பார்த்தேன். இடுப்பு போன ஒருவனுக்கு இரண்டு நல்ல பையன்கள். கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ரிஜெக்ட் அழுத்தினேன். பிள்ளை நீட்டிய கையைத் தட்டிவிட்டது போலவே இருந்தது.

பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கட்டில் விற்க வந்தவனிடம் என்ன பேசினேன் என்றே தெரியாது. அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். நிமிடத்துக்கொரு தரம் ஓவியாவின் அணியைத் திறந்து பார்த்தேன். உச்சவரம்புக்கு மேலே அவள் பெயர் சிவப்பாக நின்றது. மன்னிச்சுடு கண்ணு, எடுத்துக்கோ என்று எழுதி எழுதி அழித்தேன். அவள் முழுகுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என் வாழ்க்கையில் நான் செய்யாத வேலை.

மதியம் நெருங்கும்போது பார்க்கிங்கில் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். சிவப்பு மறைந்தது. ஓவியா ஃபின்லாந்துக்காரனை ரஞ்சித்குமார் தலையில் கட்டிவிட்டாள்! அவன் அணிக்குக் கோல்கீப்பர் இல்லாத அவசரம், அதை மோப்பம் பிடித்திருக்கிறாள். பதிலுக்குச் சுமாரான ஒரு ஆளையும் வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி. சந்தோஷம் வந்த கையோடு கசந்தது. நான் இல்லாமலே கரையேறிவிட்டாள்.

அப்போதுதான் போன் வந்தது.

"ஏம்மா ரிஜெக்ட் பண்ணே?"

"இடுப்பு போனவனைக் குடுத்துட்டு ரெண்டு நல்ல பசங்களைக் கேட்டா எவ குடுப்பா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. "நீ குடுத்துடுவேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு நோ சொல்ல உனக்கு வருதுல்ல? அப்ப ஷ்யாமளா ஆண்ட்டிகிட்ட ஏம்மா வரல? அவங்க வைகாசிக்கு மண்டபம் பாத்துட்டிருக்காங்களாம். கதிர் என்னைக் கேக்கறான், உங்கம்மா ஏன் இன்னும் சொல்லலைன்னு."

அக்கா மண்டபம்வரை போவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை.

"சொல்லீடறேன்."

"எப்போ?"

"நாளைக்குக் கோயில்ல பாத்து, பக்குவமா…"

"அம்மா." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பக்குவமா சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்துருக்கு."

அக்காவின் ரசப் பாத்திரம் கண்ணில் நின்றது. இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? பேர்லேண்டில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு வீடுதான். அதைவிட்டால் எங்கே போவேன்?

"நீயும் லைன்ல இரு கண்ணு," என்றேன். "அக்காவைச் சேத்துக் கூப்பிடறேன்."

மணி அடித்தது. அக்கா உடனே எடுத்தார்கள்.

"சொல்லு புஷ்பா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். மண்டபக்காரங்க…"

"அக்கா, மண்டபம் வேண்டாங்க்கா." ஒரே மூச்சில் சொன்னேன். "ஓவியாவுக்கு இஷ்டமில்லீங்க. அன்னிக்கே தெளிவா சொல்லீட்டா. நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"பொண்ணு மனசு மாறும்னு நீதான சொன்னே?"

"மாறாதுங்க்கா."



"உன்னைத் தங்கச்சியா நெனச்சேன் புஷ்பா," என்றார்கள். அழுகிறார்கள் என்று தெரிந்தது. "இத்தனை மாசமா என்னைக் கோமாளியாக்கீட்டியே."

நான் பதில் சொல்வதற்குள் அக்கா வைத்துவிட்டார்கள். காரின் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள், என் இடம் காலியாகுமா என்று. நான் நகரவில்லை, போனையும் காதிலிருந்து எடுக்கவில்லை. ஓவியா ஒன்றும் பேசவில்லை. ஆனால் லைனில்தான் இருந்தாள்.